எருமைக் கொட்டகையில் ஒரு புராதனச் சுவர்க்கோழி

என் அக்கா தைலம்மை கையில் சாணிக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். எதிரே சர்வே ஆட்கள் நான்கு பேர், இரும்புச் சங்கிலியும் சிவப்புச் சாயம் பூசிய மர முளைகளும் வைத்துக்கொண்டு, கூடை வீசினால் எட்டாத தூரம் பார்த்து நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், குடை நிழலில், என் முதலாளி பூச்சித் துரை. அவருக்குப் பின்னால், அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு, நான்.

"தம்பி, இவங்க என்னதான் கேக்குறாங்க? நீயே சொல்லு" என்றாள் அக்கா.

"நம்ம கொட்டகையத் தோண்டணுமாம், அக்கா."

"எதுக்கு?"

"அடியில சுவர்க்கோழி இருக்காம்."

அக்கா கூடையைக் கீழே வைத்தாள். "மேலயே இருக்கே! ராத்திரி பூரா கத்தி உசுர வாங்குது. வேணுங்கிறத அள்ளிக்கிட்டுப் போகச் சொல்லு."

"அது இல்லக்கா. இது செத்த சுவர்க்கோழி. மனுஷனே பொறக்காத காலத்துல செத்தது."

"செத்த பூச்சிக்காக உசுரோட நிக்கிற எருமைய எங்கடா கொண்டுபோய்க் கட்டுறது?"

இதை நான் இங்கிலீஷில் துரைக்குச் சொன்னேன். துரை நல்ல வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். சர்வே ஆட்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே முதல் முளையை மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் அடித்தார்கள்.

ரிக்‌ஷா ஆபீஸில் நான் பட்ட பாட்டைப் போன வாரம் படித்துவிட்டு, "நீர் பார்த்த உத்தியோகங்களிலேயே கேவலமானது அதுதானா?" என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. ரிக்‌ஷா ஆபீஸ் சொர்க்கம். கேவலமானது இது.

துரையும் அவர் பூச்சிகளும்

பூச்சித் துரைக்கு உண்மையில் கப்பல் இன்ஷூரன்ஸ் வியாபாரம். வேலையை முழுக்க ஆபீஸிலிருந்த சீனக் கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள், பார்த்துக்கொண்டார்கள். ஆகவே துரைக்கு விஞ்ஞானத்துக்கு நேரம் கிடைத்தது. அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் இருந்த வெள்ளைக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. புலி சுடுவதற்குத் தைரியம் வேண்டும். பட்டாம்பூச்சி பிடிப்பதற்கு ஓடத் தெரிய வேண்டும். துரைக்கு இரண்டும் கிடையாது. சுவர்க்கோழி பூந்தொட்டிக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கும். தொட்டியைத் தூக்குவதற்கு நான் இருந்தேன்.

டாங்லின் பக்கத்தில் அவருடைய பங்களா. அதில் ஓர் அறை நிறையக் கண்ணாடிப் பெட்டிகள். பெட்டிக்குள் வரிசை வரிசையாக ஊசி குத்திய சுவர்க்கோழிகள். கதவைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசனை மூக்கைப் பிடுங்கும். என் வேலை, துரை சொல்லச் சொல்லப் பொடி எழுத்தில் லேபில் எழுதுவது. அதோடு, உள்ளூர்க்காரர்களிடம் அவர் பேசுவதை மொழிபெயர்ப்பது.

சுவர்க்கோழி வாயால் கத்துவதில்லை. சிறகோடு சிறகை உரசித்தான் அந்தச் சத்தம். ஒரு சிறகின் அடியில் அரம் மாதிரிப் பொடிப் பற்கள் இருக்கும். துரை பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தப் பற்களை எண்ணுவார். போன பூச்சியைவிட ஒன்று கூடினால் புது இனம். ஒன்று குறைந்தாலும் புது இனம். பின்னங்கால் முள்ளுக்கும் அதே கணக்கு. அவர் போட்ட கணக்கைப் பார்த்தால், பங்களாவின் குளியலறையில் ஒன்று, சமையற்கட்டில் ஒன்று, இரண்டுக்கும் நடுவிலுள்ள நடையில் வேறு ஒன்று என்று தனித்தனி ஜாதிகள் குடித்தனம் நடத்தின.

புது இனம் என்றால் பெயர் வைக்க வேண்டும். எவர் வீட்டு விருந்துக்குத் துரைக்கு அழைப்பு வேண்டுமோ அவர் பெயரை வைப்பார். பாங்கி மானேஜர் ஒருவரின் மனைவி பெயரை இப்படி ஒரு பூச்சிக்கு வைத்து, அச்சான கட்டுரையை அந்த அம்மாளுக்கே அனுப்பினார். அம்மாள் ஆசையோடு படித்திருக்கிறார். 'சாக்கடை ஓரங்களில், அழுகிய பொருட்களை உண்டு வாழ்வது' என்று மூன்றாவது வரியில் இருந்தது. அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து துரைக்கு ஒரு டீகூடக் கிடைக்கவில்லை.

ஆனால் பொய் சொல்லக் கூடாது. சில நிஜமாகவே புதியவை. ஒருநாள் புக்கிட் தீமா காட்டில் மழை விட்ட நேரம். ஆயிரம் பூச்சிகள் கத்திக்கொண்டிருந்தன. துரை சட்டென்று நின்று கையை உயர்த்தினார். அத்தனை இரைச்சலுக்கு நடுவே ஒரே ஒரு குரல் வேறாக இருக்கிறதாம். அட்டை கடித்து ரத்தம் ஒழுக, முழங்கால் சேற்றில் நின்று, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனைத் தேடிப் பிடித்தார். பச்சை நிறத்தில், கண்ணாடிச் சிறகோடு, கட்டை விரல் நகத்தைவிடச் சிறியது. அதுவரை எவரும் கண்டதில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு துரை அழாத குறைதான். அன்று எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை நினைத்தால் பிற்பாடு நடந்ததெல்லாம் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில் அவர் கறார். பூச்சி கிடைத்த இடத்தை எழுதியாக வேண்டும். இடம் எழுதாத பூச்சி விலாசமில்லாத தபால் மாதிரி, குப்பைக்குத்தான் போகும் என்பார்.

காசிம் மரைக்காயர் கடை

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் காசிம் மரைக்காயருக்கு வாசனைச் சாமான் கடை இருந்தது. நாகூர்ப் பக்கத்து மனிதர். சாம்பிராணி, குங்கிலியம், கற்பூரம், ஜவ்வாது எல்லாம் கிடைக்கும். மாரியம்மன் கோயிலுக்கும் அவர்தான், பள்ளிவாசலுக்கும் அவர்தான், சீனர் கோயிலுக்கும் அவர்தான். மூன்று இடத்திலும் கடவுளுக்குப் போகும் புகை ஒரே மூட்டையிலிருந்து போயிற்று.

அவர் கடையில் ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளர் கேட்ட எதற்கும் 'இல்லை' என்றோ 'தெரியாது' என்றோ சொல்லக் கூடாது. சொன்னால் கடைக்கு ஆகாது. திபெத்துக் கஸ்தூரி கேட்டால், "அடுத்த கப்பல்ல வருது" என்பார். எந்தக் கப்பல் என்று எவரும் கேட்டதில்லை. அந்தத் தெருவில் எல்லாக் கடைக்காரர்களும் அப்படித்தான். வழி கேட்டால்கூட, தெரியாத இடத்துக்கு நம்பிக்கையாக வழி காட்டுவார்கள்.

குங்கிலியம் போர்னியோவிலிருந்து படகில் வரும். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும் கட்டிகளை மரைக்காயர் தனியே எடுத்து வைப்பார். நடுவில் குடைந்து, கிடங்கில் பிடித்த பூச்சி ஒன்றை உள்ளே வைத்து, உருக்கிய குங்கிலியத்தை மேலே ஊற்றி மூடி, சாம்பலும் தேங்காயெண்ணெயும் போட்டுத் தேய்த்துவிடுவார். கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்கள், லட்சம் வருஷத்துக்கு முன் மரப்பிசினில் சிக்கிய பூச்சி என்று நினைத்து, அதை ஆசையாக வாங்கிப் போவார்கள்.

"பழசுன்னு சொல்லி விக்கிறீங்களா, பாய்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் ஏன் தம்பி சொல்றேன்? வயச வாங்குறவங்களே சொல்லிக்கிறாங்க. நான் தலைய மட்டும் ஆட்டுறேன்லா."

ஒருநாள் துரை என்னை அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்கு வந்தார். பாச்சை உருண்டை தீர்ந்துவிட்டிருந்தது. கண்ணாடித் தட்டில் ஒரு கட்டியைப் பார்த்தார். உள்ளே ஒரு சுவர்க்கோழி. துரையின் முகம் சிவந்தது. கடையிலேயே தரையில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டார்.

"பின்னங்காலில் ஒரு முள் குறைகிறது! இப்போது உயிரோடிருக்கும் எதிலும் இப்படிக் கிடையாது. இது எங்கே கிடைத்தது என்று கேள்!"

கேட்டேன். மரைக்காயர் ஒரு கணம் விழித்தார். கடைச் சட்டம் அவர் நாக்கைப் பிடித்தது. தெருவைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் அத்தான் கோவிந்தசாமி பால் கேன்களோடு போய்க்கொண்டிருந்தார்.

"சிராங்கூன் ரோட்டுல கிடைச்சுது, துவான். கோவிந்தசாமியோட எருமைக் கொட்டகைக்கு அடியில."

துவான் என்றால் மலாயில் துரை. வியாபாரப் பேச்சுதானே என்று நான் அப்படியே மொழிபெயர்த்தேன்.

ஒரே மாதத்தில் கட்டுரை லண்டனுக்குக் கப்பலேறியது. உலகத்திலிருந்தே அழிந்துபோன பழங்காலச் சுவர்க்கோழி! அதற்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது விஞ்ஞானிகளுக்குள் அநாகரிகமாம். ஆகவே துரை தன் தகப்பனார் பெயரை வைத்தார். இருவருக்கும் ஒரே பெயர்.

அக்கா கேட்ட கேள்வி

முளை அடித்த கதைக்கு வருகிறேன்.

கொட்டகை இருந்தது சர்க்கார் நிலம். வருஷா வருஷம் அனுமதி வாங்கித்தான் அங்கே மாடு கட்டலாம். துரைக்கு நில இலாகாவில் நண்பர்கள் இருந்தார்கள். இந்த வருஷம் அனுமதி கிடையாது, பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. ஊருக்கு வெளியே கேலாங் தாண்டிப் போய்க் கட்டிக்கொள்ளலாமாம். அங்கிருந்து பால் வண்டி ஊருக்குள் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிப் பால் திரிந்துவிடும். திரிந்த பாலை யார் வாங்குவார்? கொட்டகை போனால் அக்காவின் பிழைப்பே போயிற்று. பிள்ளைகள் படுப்பதும் அதே கொட்டகையின் பரணில்தான்.

அத்தான் பிள்ளைப்பூச்சி. "சர்க்கார் சொன்னா நாம என்ன பண்ண முடியும்?" என்று எருமையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா உட்காரவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு நேரே மரைக்காயர் கடைக்குப் போனாள்.

"பாய், எங்க கொட்டகையிலதான் அந்தக் குங்கிலியக் கட்டி கிடைச்சுதா?"

மரைக்காயர் தலை குனிந்தார். "இல்ல, தங்கச்சி."

"பின்ன எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"துவான் கேட்டாரு. பதில் சொல்லணும்ல?"

"தெரியாதுன்னு சொன்னா உங்க வாயி வெந்தா போயிடும்?"

கடையில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் சாமானை வைத்துவிட்டு இறங்கிப் போனார்கள். மரைக்காயர் அவர்களைக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த மனுஷன் கொட்டகையத் தோண்டுவாருன்னு அல்லா சத்தியமா நெனைக்கல தங்கச்சி. நாளைக்கே போய் உண்மைய சொல்லிடுறேன். கடைப் பேரு கெட்டாலும் கெட்டுப் போவட்டும்."

சொன்னபடியே வந்தார். அக்காவும் பிள்ளைகளோடு கூட வந்தாள். பங்களா வராந்தாவில் கரியடுப்பு மூட்டி, குங்கிலியத்தை உருக்கி, துரையின் பூந்தொட்டிக்கு அடியிலேயே ஒரு சுவர்க்கோழியைப் பிடித்து, துரையின் கண் முன்னாலேயே ஒரு பழங்காலப் பூச்சியைச் செய்து காட்டினார். சாப்பாட்டு நேரத்துக்குள் அதற்கு லட்சம் வயதாகிவிட்டது.

"அந்தக் கட்டியும் நான் செஞ்சதுதான், துவான். முள்ளு ஒண்ணு குறையுதுன்னு சொன்னீங்களே, அது உள்ள வைக்கிறப்போ ஒடிஞ்சுது."

நான் மொழிபெயர்த்தேன். துரை குழாய்ப் புகையை இழுத்து விட்டார். பிறகு மகிழ்ச்சியாகச் சொன்னார்:

"மிகவும் கெட்டிக்காரத்தனமான போலி! போலி இருக்கிறது என்றால் அசல் ஒன்று இருந்துதான் ஆக வேண்டும். அசலைப் பார்க்காமல் இவனால் இவ்வளவு அச்சாகச் செய்திருக்க முடியுமா? கொட்டகைக்காரர்கள் இவனை மிரட்டிப் பொய் சொல்ல வைக்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது."

வாசல் படியில் நின்றிருந்த அக்கா பிள்ளைகள் இரண்டையும் முன்னால் தள்ளினாள். "இதுங்களப் பாரு துரை. இதுங்க எங்க போய்ப் படுக்கும்?" என்று தமிழிலேயே கேட்டாள். நான் மொழிபெயர்ப்பதற்குள் துரை உள்ளே போய்விட்டார்.

சுவர்க்கோழிக்குக் காது முன்னங்காலில் இருக்கிறது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். காலில் காது வைத்திருக்கிற ஜந்துவுக்குக்கூட அக்கம்பக்கத்துச் சத்தம் கேட்கிறது. தலையில் இரண்டு காது வைத்திருந்த துரைக்குக் கேட்கவில்லை.

டென்னிஸ் புல்

பூச்சித் துரையின் பங்களா முன்னால் ஒரு டென்னிஸ் மைதானம் உண்டு. அதிலிருந்த புல்லை மனைவியைவிடப் பிரியமாக வளர்த்தார் என்று சமையற்காரர் சொல்வார். தோட்டக்காரர்கள் தரையில் உட்கார்ந்து கையாலேயே களை எடுப்பார்கள். அதன் மேல் செருப்போடு நடந்ததற்காக ஒரு தபால்காரர் வாங்கிய வசவு டாங்லின் முழுக்கக் கேட்டது.

பங்களாவிலிருந்து திரும்பி வரும்போது அக்கா எங்களுக்கு முன்னால் நடந்தாள். பாதி வழியில் நின்று மரைக்காயரைப் பார்த்தாள்.

"பாய், இவருக்கு ஆகாத துரை எவனாச்சும் இருக்கானா?"

"ஏன் இல்ல? பல்லு புடுங்குற துரை ஒருத்தர் இருக்காரு. அவரும் பூச்சிதான் சேக்குறாரு. இந்தக் கட்டியப் பத்திக் கேள்விப்பட்டதுலேருந்து வயிறு எரிஞ்சு கடைப் பக்கமே சுத்திக்கிட்டிருக்காரு."

"அவருக்கு ஒண்ணு குடுங்க. எங்க கிடைச்சுதுன்னு கேப்பாருல்ல?"

"கண்டிப்பா கேப்பாரு."

"நீங்கதான் யாருக்கும் தெரியாதுன்னு சொல்ல மாட்டீங்களே" என்றாள் அக்கா. மரைக்காயர் முகத்தில் பல நாளுக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

பல் துரைக்கு இன்னும் பெரிய கட்டி கிடைத்தது. அதிலிருந்த சுவர்க்கோழிக்கு இரண்டு முள் குறைவு. இந்தத் தடவை மரைக்காயர் கணக்காக ஒடித்திருந்தார். கிடைத்த இடம், டாங்லினில் ஒரு துரை டென்னிஸ் மைதானம் போடுவதற்காகத் தோண்டிய மண். பல் துரை அன்று மத்தியானம் ஒருவருக்கும் பல் பிடுங்கவில்லை. பூச்சித் துரையின் பூச்சியைவிடத் தன்னுடையது பல லட்சம் வருஷம் மூத்தது என்று கிளப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, விஞ்ஞானத்தின் பொருட்டு அந்த மைதானத்தைத் தோண்ட அனுமதி வேண்டும் என்று சர்க்காருக்கு எழுதிப் போட்டார். அவருடைய நண்பர்கள் நில இலாகாவில் இன்னும் மேலே இருந்தார்கள்.

அதே நான்கு சர்வே ஆட்கள். அதே சிவப்பு முளைகள். முதல் முளை டென்னிஸ் வலைக்கு அருகில் இறங்கியபோது பூச்சித் துரை இரவு உடையோடு வெளியே ஓடி வந்தார். அவர் போட்ட சத்தத்தை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

அன்று மத்தியானமே மரைக்காயரை வண்டி அனுப்பி அழைத்து வந்தார்கள். வராந்தாவில் நில இலாகா அதிகாரி, பல் துரை, இன்னும் சில துரைகள். கரியடுப்பும் தயாராக இருந்தது.

"செய்து காட்டு!" என்றார் பூச்சித் துரை. "இவன் எப்படி ஏமாற்றுகிறான் என்று எல்லோரும் பார்க்கட்டும். முள்ளை எப்படி ஒடிக்கிறான் என்று பாருங்கள்!"

மரைக்காயர் செய்து காட்டினார். நான் மொழிபெயர்த்தேன். சில வாரத்துக்கு முன் அதே வராந்தாவில் சொன்ன அதே வார்த்தைகள்தான். பல் துரை முகம் வெளிறி, தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். மற்றவர்கள் சிரித்தார்கள். மரைக்காயரைத் திருடன், மோசக்காரன் என்றார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அடுப்பை அணைத்தார். அவர் அன்று அங்கே நின்ற நிலையை நான் மறக்கவில்லை. மூன்று மதத்துக் கோயிலுக்கும் சாமான் கொடுக்கிற மனிதர்.

நில இலாகா அதிகாரி எழுந்தார். மெல்லிய குரலில் பேசுகிற மனிதர்.

"அப்படியானால் சிராங்கூன் ரோட்டில் கிடைத்தது?"

பூச்சித் துரை மைதானத்தைப் பார்த்தார். புல் வெயிலில் பச்சைப் பசேலென்று இருந்தது. முளை அதன் நடுவில் நின்றது.

"அதுவும்..." என்றார் துரை. "அதுவும் அப்படித்தான் இருக்க வேண்டும்."

லண்டனில் அச்சானது அச்சானதுதான். விஞ்ஞானத்தில் ஒரு தடவை வைத்த பெயரை அழிப்பது லேசில்லையாம். துரையின் தகப்பனார் பெயரோடு, மரைக்காயர் கிடங்கில் பிறந்து வளர்ந்த அந்தச் சுவர்க்கோழி இன்றும் ஏதோ ஒரு புத்தகத்தில் லட்சம் வருஷமாகச் செத்துக் கிடக்கிறது.

முளை பிடுங்கிய அன்று

மறுநாள் காலையில் சர்வே ஆட்கள் கொட்டகைக்கு வந்து முளைகளைப் பிடுங்கினார்கள். அனுமதியும் புதுப்பித்துக் கொடுக்கப்பட்டது. அக்கம்பக்கத்துப் பால்காரர்கள் கூடிவிட்டார்கள். அத்தான்கூட ஒரு முளையைத் தானே பிடுங்கிக் கொடுத்தார். மரைக்காயர் பிள்ளைகளுக்குக் கற்கண்டு வாங்கி வந்திருந்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"தப்பிச்சோம், அக்கா!" என்றேன்.

அக்கா எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"நாம எங்கடா தப்பிச்சோம்? புள்ளைங்களக் கொண்டுபோய் நிறுத்திக் கேட்டேன், காதுல விழல. பாய் தன் பேரத் தானே கெடுத்துக்கிட்டு உண்மைய சொன்னாரு, துரை அதப் பொய்யின்னாரு. அவரு வீட்டுப் புல்லுல முளை இறங்கினதும் அதே உண்மை உண்மையாயிடுச்சு. தப்பிச்சது அவரு புல்லு. அதோட சேத்து நம்மளையும் விட்டிருக்காங்க."

சொல்லிவிட்டுத் தவிட்டுக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முளை அடித்தபோதும், வாசல் படியில் பிள்ளைகளோடு நின்றபோதும் அழாதவள். கற்கண்டைத் தின்றுகொண்டிருந்த பிள்ளைகள் பயந்து போய்ப் பார்த்தன. பால்காரர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து போனார்கள்.

பூச்சித் துரை சீமைக்குப் போய்க் காலமாகி வெகுநாளாகிறது. செத்தவரைக் குறை சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். அதற்காகவெல்லாம் அவரை மன்னிக்க எனக்கு மனமில்லை.